ஒரு பயணத்துக்கு ஒரு லைசென்ஸ்

பில்நாம் என்ற பெயருக்கு ‘அடுத்தது பையன்தான்’ என்று அர்த்தம். சூ குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு அவள் அப்பா போரித்தீவு அலுவலகத்தில் எழுதிவைத்த பெயர் அது. பெயர் பலித்தது, அடுத்தது பையன்தான். ஆனால் அந்தப் பையன் துடுப்புப் பிடிக்கிற வயதுக்கு வருமுன்னே அப்பாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அதனால் ஒன்பது வயதில் பில்நாம்தான் படகின் பின்புறம் நின்றுகொண்டு, ஒற்றைத் துடுப்பை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி, அக்காமாரையும் தம்பியையும் எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நீரோட்டம் மாறுகிற நேரம் அவளுக்கு உடம்பிலேயே தெரியும். பனிமூட்டத்தில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படித்துறையில் முட்டாமல் கொண்டுபோய் நிறுத்துவாள். அக்காக்கள் பாவாடை நனையாமல் குதித்து ஓடுவார்கள். பில்நாமுக்கு இறங்கவே மனசு வராது. பள்ளிக்கூடம் என்பது அவளைப் பொறுத்தவரை, சாயங்காலம் திரும்பி ஓட்டிக்கொண்டு போகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கிற இடம்.

இருபத்தாறு வயதில் தோங்யோங் பக்கம் தொல்கே என்ற சின்னத் துறையில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை பெயர் தாக் மன்போக். சொந்தமாக ஏழு டன் படகு இருக்கிறது, விலாங்கு பிடிக்கிறான் என்று தரகுக்காரி சொன்னபோது பில்நாம் மாப்பிள்ளை போட்டோவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எஞ்சின் என்ன எஞ்சின் என்று கேட்டாள்.

கல்யாணமான மூன்றாம் நாள் காலை, புருஷனுக்குச் சோற்றுத்தூக்கு எடுத்துக்கொண்டு துறைக்குப் போனவள், பழக்கத்தில் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டாள். பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது.

“அங்கேயே நில்லு! காலை எடு!”

பில்நாம் காலை எடுத்தாள்.

“பொம்பளை கால் பட்ட படகுல விலாங்கு ஏறாது. என் புருஷனைக் கொண்டுபோன கடல் இது. மகனையும் குடுக்கணுமா நான்? பாக்கணும்னா கரையில நின்னு பாரு. கடல் எங்கேயும் ஓடிப்போயிடாது.”

இருபத்துநாலு வருஷம் பில்நாம் கரையில் நின்று பார்த்தாள்.

நின்று என்பது சும்மா சொன்னதல்ல. துறையை ஒட்டியே சிப்பிக் கொட்டகை. ஐப்பசியில் ஆரம்பித்தால் வைகாசி வரைக்கும் அங்கே வேலை இருக்கும். மலை மாதிரி கொட்டிக் கிடக்கும் சிப்பியை ஒவ்வொன்றாக எடுத்து, குட்டைக் கத்தியின் நுனியை இடுக்கில் விட்டுத் திருகி, சதையைக் கிழியாமல் வழித்து வாளியில் போட வேண்டும். முப்பது பெண்கள், ரப்பர் ஏப்ரனும் முழங்கை வரை கையுறையுமாக, விடியுமுன்பிருந்து மத்தியானம் தாண்டும் வரை நின்றபடி வேலை செய்வார்கள். பில்நாம் ஜன்னல் பக்கத்து மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த ஜன்னலில் குளிர்க்காற்று அடிக்கும் என்று மற்றவர்கள் யாரும் அதற்குப் போட்டி போடவில்லை. அங்கிருந்து பார்த்தால் படகுகள் கிளம்பி, கடலுக்குள் நீண்ட முனையைச் சுற்றி மறைகிற வரைக்கும் தெரியும். எந்தப் படகு திருப்பத்தைச் சீக்கிரமாக எடுத்தது, யார் காற்றுக்கு எதிராக வீணாக எஞ்சினைக் கத்தவிடுகிறான் என்றெல்லாம் அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே கத்தியைத் திருகுவாள். அதிகம் திட்டு வாங்கியது அவள் புருஷன்தான்.

மன்போக் மோசமான படகோட்டி. அது அவனுக்கே தெரியும். அவனுக்கு உலகத்தில் பிடித்த வேலை ஒன்றுதான், முடி வெட்டுவது. பட்டாளத்தில் மூன்று வருஷம் அவனைக் கத்தரிக்கோலோடு ஒரு நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்கள். அதைவிட நன்றாக இருந்த காலம் தன் வாழ்க்கையில் இல்லை என்பான். வெளியே வந்ததும் பரீட்சை எழுதி முடிதிருத்துநர் சான்றிதழும் வாங்கினான். ஜின்ஜுவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. ஆளில்லாத படகு மட்டும் திரும்பக் கிடைத்தது. அம்மா அந்தப் படகை அவன் கையில் கொடுத்தாள்.

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. முனையைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதும் குடல் புரளும். சுக்கான் அறைக்குப் பின்னால், வேறு படகுக்காரர்கள் கண்ணில் படாத பக்கமாகக் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, பிறகுதான் விலாங்கு பிடிக்கிற கூடுகளை இழுக்கப் போவான். ஒரு நாள் இரண்டு நாள் கதை இல்லை. இருபத்தெட்டு வருஷம். கூட வருகிற கூலி ஆளைத் தவிர துறையில் யாருக்கும் தெரியாது. அவன் மேல்சட்டையின் வலது கைமடிப்பைத் துவைக்கிற பில்நாமுக்குத் தெரியும். அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துறையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் முடி வெட்டுவான். அப்போது அவன் கையைப் பார்க்க வேண்டும். படகில் கயிற்றைத் தப்பும் தவறுமாகப் பிடிக்கிற அதே கை, யாரோ கிழவனின் காது மடலை இரண்டு விரலால் மடக்கிக்கொண்டு, அந்த ஓரத்தில் அப்படியொரு நிதானமாகப் போகும்.

மாமியார் எண்பத்தொன்றாவது வயதில் போய்ச் சேர்ந்தாள். வருஷத்துப் படையல் முடிந்த அடுத்த வாரம், கோடையில், கொட்டகை பூட்டியிருந்த நேரத்தில் மன்போக் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“கூலி ஆள் கெடைக்கலே. நீ வேணா வர்றியா? கயிறு இழுக்கத்தான்.”

“வரேன்” என்றாள் பில்நாம்.

அப்படி மூன்று கோடைக்காலம் போனாள். அவன் சுக்கான், அவள் கயிறு. எண்ணூறு கூட்டை வரிசையாக இழுத்து, விலாங்கைக் கொட்டி, மத்தி மீன் துண்டு வைத்துத் திரும்ப இறக்க வேண்டும். கை தோலுரிந்தது, அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தினமும் முனையைத் தாண்டியதும் மன்போக் முகம் வெளுத்து, “கொஞ்சம் பிடி” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போவான். அவன் வாந்தியெடுக்கிற நேரம்தான் அவளுக்குச் சுக்கான் கிடைக்கிற நேரம். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து. பாவம், இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கட்டுமே என்று அவள் மனசு நினைக்கும். நினைத்துவிட்டு வெட்கப்படும். பத்து நிமிஷம் கழித்து அவன் வந்து பக்கத்தில் நின்றால், கையை எடுக்க அவளுக்கு ஒரு மூச்சு கூடுதலாக வேண்டியிருக்கும்.

மூன்றாவது கோடை முடிந்து வந்த டிசம்பரில், கொட்டகையில் காலைக் காப்பிக்கு உட்கார்ந்திருந்தார்கள். கோசோங் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் கோசோங்காரி என்றே எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தி உண்டு. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“மறுபடி பொறந்தா என்னவா பொறப்பீங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கடி. நான் பூனை. பணக்கார வீட்டு ஜன்னல்ல வெயில் காயற பூனை.”

“இப்பவே பாதிப் பூனைதானே நீ. நின்னுக்கிட்டே தூங்கறே” என்றாள் ஹ்வாஜா அக்கா. எழுபதைத் தொட்டவள், கொட்டகையில் எல்லோருக்கும் மூத்தவள். “நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? ரேடியோவுல கடல் வானிலை வாசிப்பேன்.” காகிதக் கோப்பையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். “தென்கடல் மேற்குப் பகுதி. வடமேற்குக் காற்று. அலையின் உயரம் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர். சிறு படகுகள் கவனமாகச் செல்லவும்.”

அந்தக் குரல் அவ்வளவு சரியாக இருந்தது. எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள்.

“நீ சொல்லுடி, போரித்தீவு” என்று பில்நாமை இடித்தாள் கோசோங்காரி.

“நானா? படகு ஓட்டுவேன்.”

“அதுக்கு எதுக்குடி செத்துப் பொறக்கணும்?” என்றாள் ஹ்வாஜா அக்கா. “அந்தா கட்டிக் கெடக்கே உன் வீட்டுப் படகு.”

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். பில்நாமும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு எடை போட்டபோது அவள் வாளி மூன்று கிலோ குறைந்தது. அவளுக்கு அப்படி எப்போதும் ஆனதில்லை.

அந்த வாரமே டவுனுக்குப் போய்ச் சிறிய கப்பல் ஓட்டும் லைசென்ஸுக்கான பரீட்சைப் புத்தகம் வாங்கிவந்தாள். ஏழு டன் படகைச் சுக்கான் பிடித்து ஓட்ட அந்த லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் கரைக்காவல் படகின் கண்ணில் பட்டால் தொலைந்தது. புத்தகத்தைக் கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். ஏன் ஒளித்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தோற்றுப்போனால் யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்திருக்கலாம். அரிசிச் சோறு மாதிரி வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இல்லாமல், தனக்கென்று ஒன்று வேண்டியிருந்ததோ என்னவோ.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சட்டம் மண்டையில் ஏறவில்லை. கொட்டகைப் பெண்கள்தான் ஏற்றினார்கள். ஹ்வாஜா அக்கா புத்தகத்தைச் சிப்பிக் குவியல் மேல் நிமிர்த்திவைத்துக்கொண்டு, அதே வானிலைக் குரலில் கேள்வி கேட்பாள்.

“எதிரே வருகிற கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால்?”

“நேரா என்மேல வருது. நான் வலப்பக்கம் திருப்பணும்.”

“கோசோங்காரி எதிரே வந்தால்?”

“எஞ்சினை நிறுத்திட்டு சாமி கும்பிடணும்.”

“அடியே, நான் சொல்லிக் குடுத்த பனிமூட்டச் சங்கு கேள்வி இல்லேன்னா நீ பாஸாக மாட்டே, ஞாபகம் வெச்சுக்கோ” என்று ஈரக் கையுறையால் அடிக்க வருவாள் கோசோங்காரி.

பரீட்சை பூசானில். புருஷனிடம், முடியைச் சுருட்டிவிடுகிற பெர்ம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பரீட்சை மண்டபத்தில் எல்லாம் ஆண்கள். கண்காணிப்பாளர் அவளிடம் வந்து, “பையனுக்காக வந்தீங்களாம்மா? வெளியில நாற்காலி இருக்கு, அங்க உக்காருங்க” என்றார். பில்நாம் நுழைவுச்சீட்டை நீட்டினாள். அவர் காது சிவந்துபோய் இடத்தைக் காட்டினார். அந்தத் தடவை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த கோடையையும் கயிறு இழுத்தே கழித்தாள். நவம்பரில் மறுபடி ஒரு ‘பெர்ம்’. அந்தத் தடவை பாஸானாள். அட்டை தபாலில் வந்தது. போட்டோவில் அவள் திருதிருவென்று விழிக்கிறாள். ஆனால் பெயருக்கு நேரே அரசாங்க முத்திரையோடு, கப்பல் ஓட்டுநர் என்று எழுதியிருந்தது. கொட்டகையில் கைமாறி கைமாறிப் போய்ச் சிப்பி வாசனையோடு திரும்பி வந்தது. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மன்போக் பிறந்தநாளன்று வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கலாம் என்று இருந்தாள். அதற்குப் பதினோரு நாள் இருந்தது.

எட்டாம் நாள் மன்போக் பன்றி இறைச்சியும் சோஜு சாராயப் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட நேராகக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“உன்சோல் அம்மா!” என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். “இங்க வா, உக்காரு. நம்ம நம்பர் விழுந்துடுச்சு.”

“என்ன நம்பர்?”

கடலில் மீன் பெருக வேண்டும் என்று அரசாங்கம் கொஞ்சம் படகுகளைக் குறைக்கிறது. விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தால் ஈட்டுத்தொகை தந்து, மீன்பிடி அனுமதியை ரத்து செய்து, படகை உடைத்துவிடுவார்கள். மன்போக் போன வருஷமும் மனுப் போட்டிருக்கிறான். இந்த வருஷம் கிடைத்துவிட்டது.

“சந்தைக்குப் பின் தெருவுல பழைய லாண்டரி இருந்துச்சே, அந்தக் கடை காலியா இருக்கு. ஜன்னல் எம்மாம் பெருசு தெரியுமா! ஒரே ஒரு நாற்காலி போட்டாப் போதும். ஒரு கண்ணாடி. வெளியில சலூனுக்குப் போடற சுத்தற விளக்கு.” ஐம்பத்துநாலு வயதுக்காரன் கையால் காற்றில் நாற்காலி வரைந்து காட்டினான். “உனக்கும்தான் இனி கயிறு இழுக்க வேணாம். உள்ளங்கை பாரு எப்படி ஆயிடுச்சு.”

பில்நாம் அடுப்பில் இறைச்சித் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். எரிந்தவையும் எரியாதவையுமாக எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

“நல்லதுதானே” என்றாள்.

பிறந்தநாளன்று பாசி சூப் மட்டும் வைத்தாள்.

விஷயத்தை உடைத்தது கோசோங்காரி வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை, பெட்டிமேல் உட்கார்ந்து தலையைக் கொடுத்துக்கொண்டே, “பெண்டாட்டி கேப்டன் ஆயிட்டா, புருஷன் படகை உடைக்கிறான். என்ன குடும்பம்டா உங்களுது!” என்று சொல்லிவிட்டான். மன்போக் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

“எடு அதை” என்றான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க.”

“ரெண்டு தடவை பெர்ம் பண்ணப் போனே. ரெண்டு தடவையும் முடி நேராத் திரும்பி வந்துச்சு. முடி வெட்டற ஆள்கிட்ட சொல்ற பொய்யா அது? பல்லுக்குப் போறேன்னு சொல்லியிருக்கக் கூடாது?” அவன் குரல் உடைந்தது. “ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறேன்னு நெனச்சேன். ஒரு மாசமா உன்னை ஒரு சொல் திட்டலே, கவனிச்சியா?”

“கவனிச்சேன். எதுக்குப் பாசாங்கு பண்றீங்கன்னு நெனச்சேன்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சீக்கிரம் போயும் விட்டது. மன்போக் அட்டையை மேஜைமேல் வைத்து, விரலால் நேராக்கினான்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் மனுவை வாபஸ் வாங்கலாம். நான் போய் எழுதிக் குடுத்துட்டு வரேன். நீ சுக்கான் பிடி, நான் கயிறு இழுக்கறேன்.”

அவள் யோசித்துப் பார்க்காமலில்லை. அவனைக் கரையில் விட்டுவிட்டுத் தானே போகலாம் என்றால், எண்ணூறு கூடு இழுக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது கேட்கிற கூலிக்கு ஆள் வைத்தால் பிடிப்பதெல்லாம் அவன் சம்பளத்துக்கே சரியாகிவிடும். கடையும் ஈட்டுத்தொகை வந்தால்தான். படகு இருந்தால் அவனும் படகில்தான். வேறு வழி இல்லை.

“சரி. போய் வாங்கிட்டு வாங்க” என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் அவள் கத்தி பறந்தது. ஒவ்வொரு சிப்பியும் தானாகத் திறந்துகொள்வது போலிருந்தது. அடுத்த கோடையில் எந்த முனையில் கூடு இறக்குவது, தெற்கே அந்தப் பாறைத் திட்டுக்கு அப்பால் போனால் என்ன என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். மன்போக் போகவில்லை. சவரம் செய்து, நல்ல கோட்டுப் போட்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

“பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல போறேன். நாலு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும்” என்றான்.

அவன் முகம் முனையைத் தாண்டிய படகில் இருக்கும் முகமாக இருந்தது. கரையில், சிமெண்ட் படியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு அந்த வெளுப்பு வந்திருந்தது. கோட்டின் வலது கைமடிப்பை அவன் விரல்கள் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த பஸ் மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்தான்.

“உக்காருங்க” என்றாள்.

“பஸ் வருது.”

“வரட்டும். கோட்டைக் கழட்டுங்க.”

அவன் கழற்றவில்லை. அவளே கழற்றினாள். கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “உடைக்கிற எடத்துக்கு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போவேன். வேற யாரும் சுக்கானைத் தொடக் கூடாது.”

பின்னாளில் கொட்டகையில் யாராவது, ‘புருஷனுக்காக விட்டுக் குடுத்தியே’ என்று உருகினால் பில்நாமுக்குக் கோபம் வரும். “விட்டும் குடுக்கலே, ஒண்ணும் குடுக்கலே. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத் தெனம் எப்படிடி படகு ஓட்டறது?” என்பாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த சிப்பியைத் திருகுவாள்.

பிப்ரவரிக் கடைசியில் நாள் குறித்தார்கள். உடைக்கிற இடம் கோசோங் பக்கம், உள்கடல் வழியாகப் போனால் இரண்டு மணி நேரம். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, காற்றில் குளிர். துறைக்கு ஹ்வாஜா அக்காவும் கோசோங்காரியும் ஏப்ரனோடு ஓடிவந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

“அலையின் உயரம் அரை மீட்டர்” என்று கத்தினாள் ஹ்வாஜா அக்கா. “கேப்டன் கவனமாகச் செல்லவும்!”

பில்நாம் பின்னோக்கி எடுத்து, ஒரே வெட்டில் திருப்பி, துறையை விட்டு வெளியே வந்தாள். மன்போக் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தத் திருப்பத்துக்கு அவன் இரண்டு தடவை முன்னும் பின்னும் போவான். சிப்பி வளர்க்கிற வெள்ளை மிதவைகள் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக வந்தன. நடுவில் இருக்கிற சந்துகளில் வளைந்து வளைந்து போனாள். முனை வந்தது. கோசோங்குக்கு முனையிலிருந்து மேற்கே திரும்ப வேண்டும். அவள் தெற்கே திருப்பினாள்.

“வழி இது இல்லையே” என்றான் மன்போக்.

“தெரியும்.”

“எங்க போறே?”

“வெளிக்கடல் வரைக்கும்.”

கடைசிக் கலங்கரை விளக்கம் தாண்டினால் அப்புறம் தீவே கிடையாது. அங்கே அலை உடைவதில்லை. நீளமாக, மெதுவாக, எங்கேயோ ரொம்பத் தூரத்திலிருந்து கிளம்பி வந்து படகை முழுசாகத் தூக்கி முழுசாக இறக்கும். பில்நாம் அவ்வளவு தூரம் போனதே இல்லை. மன்போக் பின்னால் போய்க் குனிந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“நீங்க எவ்வளவு தூரம் தாங்குவீங்க?”

அவன் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். “இருபத்தெட்டு வருஷம் தாங்கியாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்க மாட்டேனா? போ.”

அவள் போனாள். கரை ஒரு நீலக் கோடாகி, அதுவும் மங்கியது. அவள் உள்ளங்கையில் எஞ்சினின் நடுக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவள் என்ன நினைத்தாள் என்று மகள் உன்சோல் பிறகு போனில் கேட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை என்றாள் பில்நாம். குறை என்று ஒன்று இருந்தால்தானே நினைக்கிறதுக்கு, அங்கே ஒன்றும் குறைவாக இல்லையே என்றாள்.

உடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி நேரம் தாமதம். மேற்பார்வை பார்க்கிறவன் காகிதத்தோடு சிடுசிடுத்துக்கொண்டு வந்து, மன்போக்கிடம் பேனாவை நீட்டினான்.

“கேப்டன் கையெழுத்து.”

மன்போக் அந்தப் பேனாவை வாங்கிப் பில்நாமிடம் கொடுத்தான். “அவங்கதான்” என்றான்.

அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். இரும்புக் கை முதலில் சுக்கான் அறையைத்தான் பிடித்தது. தகடு கிழிகிற சத்தத்தில் கடற்காக்கைகள் எழுந்து பறந்தன. வா போகலாம் என்று மன்போக் முழங்கையைத் தொட்டான். அவள் வரவில்லை. கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். திரும்ப இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள். அவன் சூடான டின் காப்பி வாங்கிக் கொடுத்தான். அதைக் குடிக்காமல், ஆறுகிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடை திறந்து மூன்று வருஷம் ஆகிறது. மன்போக்குக்குத் தொப்பை விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். சந்தைக்காரர்கள் அவனிடம்தான் தலையைக் கொடுக்கிறார்கள். வெட்டி முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைத் திருப்பி, இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பான். வாரத்துக்கு ஒருமுறை பில்நாமை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பின்கழுத்து முடியை ஒதுக்கிவிடுவான்.

“இந்தத் தடவை நிஜமாவே பெர்ம் பண்ணிடட்டுமா, கேப்டன்?” என்று கேட்பான்.

“உங்க கை ஆண்பிள்ளைத் தலைக்கு மட்டும்தான் லாயக்கு” என்பாள் அவள்.

அவனைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உன்சோல் சுவோனிலிருந்து போனில், “அப்பா மேல கோபமாம்மா?” என்று கேட்டபோது அதைத்தான் சொன்னாள். “கோபமெல்லாம் இல்லடி. அவரு சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது. ஆனா அதனால எனக்குக் கடல் வேணாம்னு ஆயிடுமா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.”

சிப்பிப் பண்ணைக்காரரிடம் வேலைப்படகு ஓட்டக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, ஏப்ரன் புதுசு வாங்கித் தருகிறேன் என்றார். மீனவர் சங்கத்தில் கேட்டாள்; வயதைக் கேட்டார்கள். கடைசியில் ஐஸ் ஃபாக்டரிச் சுவரில், தேவைப்படுகிறவர்களுக்குப் படகு ஓட்டித் தரப்படும், லைசென்ஸ் உண்டு என்று தன் கையாலேயே எழுதி, போன் நம்பர் போட்டு ஒட்டிவைத்தாள். ஒரு மாதத்தில் இரண்டே இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவன் குடித்திருந்தான். இன்னொருத்தி இரண்டு துறை தள்ளி இருக்கிற ஓக்பூன் என்பவள். புருஷன் பக்கவாதத்தில் போய்விட்டானாம், ஆறு டன் படகு சும்மா கட்டிக்கிடக்கிறதாம்.

பில்நாம் அன்றைக்கே பஸ் ஏறினாள். நல்ல படகு. அடிப்பகுதியில் பாசி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

“மகன் விக்கச் சொல்றான்” என்றாள் ஓக்பூன். “எனக்கு மனசு வரலே. ஓட்டக் குடுக்கலாமா வேணாமான்னும் தெரியலே. அவரோட வருஷத்துப் படையல் முடியட்டும், பாக்கலாம். அதுவரைக்கும் எஞ்சின் கெட்டுப்போகாம மட்டும் பாத்துக்கிறியா?”

படையல் முடிந்தது. இரண்டாவது படையலும் முடிந்துவிட்டது. ஓக்பூனுக்கு இன்னும் மனசு வரவில்லை. பில்நாம் வற்புறுத்துவதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை, கொட்டகை வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். படகில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறாள். டீசல் பார்த்து, எஞ்சினைக் கிளப்பி, அரை மணி நேரம் ஓடவிடுகிறாள். அந்த அரை மணியும் சுக்கான் அறையில் நின்றுகொண்டிருக்கிறாள். நான்கு பக்கமும் கட்டியிருக்கிற கயிறு இறுகுகிறது, தளர்கிறது. துறையின் வாய் அவளுக்கு நேர் எதிரே, முப்பது மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நீரோட்டம் இப்போது வெளியே போகிற நேரம். திரும்பிப் போக வேண்டிய பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.